போக இடமில்லாதவரை நடக்கச் சொல்வது

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன், கோரமண்டல், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் என்று எந்தப் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பு லைனுக்குள் பகல் பதினோரு மணிக்கு நுழைந்தாலும் கண்ணில் படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் ஒரு வகை, வேலை வயது கடந்த பெரியவர்கள் மறு வகை. இடைப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் விடியும் முன்பே ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் சொல்ல நம் மருத்துவ உலகம் ஒரே ஒரு சொல்லை வைத்திருக்கிறது: “தினமும் நடங்க.”

அந்த அறிவுரையில் பிழை இல்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை வலுக்கவும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வரையறுத்தது. இதயம், சர்க்கரை, மூட்டு, மறதி என எதை எடுத்தாலும் நடப்பவருக்கு நன்மைதான். ஆனால் எங்கே நடப்பது, எதற்காக நடப்பது, யாரோடு நடப்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளாமல் அந்த அறிவுரையை மட்டும் நீட்டுகிறவர் நேர்மையானவர் அல்லர் என்பதே நமது கருத்து. தங்கவயலில் அது நேர்மையின்மையோடும் நிற்கவில்லை. இந்த மனிதர்களின் கால்களுக்கு இருந்த காரணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்ட பிறகு சொல்லப்படுகிற அறிவுரை அது.

இவர்கள் உடம்பை வளைக்காமல் வாழ்ந்தவர்களா என்ன? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னும் நடந்து, பாறையே சுடுகிற வெக்கையில் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு ஏறி வந்தவர்கள் இவர்கள். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிற்று. வட ஆற்காடு, தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின், பெரும்பாலும் தலித் குடும்பங்களின், தலைமுறை தலைமுறையான உழைப்பு அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு, சுரங்கத்தை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் தன் வேலையை முடித்துக்கொண்டது. அன்று நாற்பது வயதில் இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்து ஆகிறது. ஐம்பதில் இருந்தவர், இருக்கிறாரென்றால், எழுபத்தைந்து.

சுரங்கத்தை மூடியது சரியா தவறா என்ற வழக்கை இங்கே மறுபடி திறக்க நாம் விரும்பவில்லை. வெட்டியெடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டியது என்று ஒரு பக்கம் கணக்குச் சொன்னது, நிர்வாகக் கோளாறுதான் காரணம் என்று மறுபக்கம் கணக்குச் சொன்னது. நாம் பேசுவது இரண்டு கணக்கிலும் எழுதப்படாமல் போன ஒன்றைப் பற்றி. இழப்பீடு என்று ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பியவர்கள், கூலியைத் தவிர வேறெதுவும் அந்தத் தொழிலாளியிடமிருந்து போகவில்லை என்றே நினைத்தார்கள்.

வேறு என்னவெல்லாம் போயிற்று என்பது 1933-லேயே அச்சில் வந்துவிட்டது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற சிற்றூர். ஏறத்தாழ 1,500 பேர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அந்த ஊருக்குப் போய், வேலை இழந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்தார்கள். அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று விசித்திரமானது. ஊரின் முக்கியத் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தை அளந்தார்கள். எத்தனை முறை வழியில் நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். நடுநடுவே காரணமில்லாமல் நின்றார்கள். பெண்கள் வேகமாகவே நடந்தார்கள், குறைவாகவே நின்றார்கள். பெண்ணுக்கு அடுப்பு இருந்தது, பிள்ளை இருந்தது, துணி இருந்தது. ஆணுக்குப் போய்ச் சேர இடமில்லை. கடிகாரம் கட்டிக்கொள்வதையும் ஆண்கள் விட்டிருந்தார்கள். நேரம் கொள்ளாமல் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது முன்னைவிடக் குறைந்திருந்தது.

அந்த ஆண்களில் பலர் இளைஞர்கள், நடுவயதினர். அவர்கள் கால்களில் நோயில்லை. மனசில் விழுந்த ஓட்டை காலில் தெரிந்தது. பின்னாளில் யஹோதா இதை விளக்கியபோது, வேலை என்பது கூலியோடு சேர்த்து ஐந்து காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துவந்தது என்றார். நாளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது, வீட்டுக்கு வெளியே மனிதர்களைக் கொடுத்தது, தன்னைவிடப் பெரிய ஒரு காரியத்தில் பங்கு கொடுத்தது, ஊருக்குள் ஒரு பெயரைக் கொடுத்தது, உடம்பைச் சும்மா இருக்க விடாமல் வைத்தது.

இதைத் தங்கவயலில் பொருத்திப் பார்க்க ஆய்வாளர் யாரும் வரவேண்டியதில்லை. ஷிப்டுக்கு ஊதிய சங்கு நின்றபோது நாள் கலைந்தது. கேஜில் தோளோடு தோள் ஒட்டி நின்ற கூட்டாளிகள் திசைக்கொருவராகப் போனார்கள். ‘மைன்ஸ்காரர்’ என்ற பெயர் ‘முன்னாள்’ என்ற ஒட்டோடு நின்றது. 1930-ல் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலையை நிறுத்திய ஊர் இது. மானம் என்றால் என்னவென்று இந்த லைன்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்று, தாங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை என்ற நினைப்போடு படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்து ‘சோம்பேறித்தனம், அதனால்தான் கால் வீங்குது’ என்று ஒருவர் சொல்வாரானால், அவர் வைத்தியம் பேசவில்லை, பழி போடுகிறார்.

வயதானவர் உடலை அசைப்பதற்கு மனத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அறிவியல் கடந்த ஐம்பது ஆண்டுகளாகத் தேடிவருகிறது. விடை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ‘என்னால் முடியும்’ என்று அவர் நம்ப வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977-ல் இந்த நம்பிக்கையை ஆராய்ச்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தார். அது வானத்திலிருந்து இறங்குவதில்லை என்பதையும் அவரே சொன்னார். முன்பு செய்து முடித்த அனுபவத்திலிருந்து வரும். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்து வரும். மதிக்கிறவர் வாயிலிருந்து வரும் நல்ல சொல்லால் வரும். கடைசியாக, தன் உடம்பு காட்டும் குறிகளைத் தான் எப்படி அர்த்தப்படுத்திக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து வரும், அல்லது போகும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் தங்கவயல் பெரியவர் மற்ற ஊர்ப் பெரியவரிடமிருந்து பிரிகிறார். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு இந்தியாவில் நடந்த முதல் பெரிய பரிசோதனையே இங்கேதான் நடந்தது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. பிறகு ஈரமாகத் துளையிடும் முறைகளும் காற்றோட்ட வசதிகளும் வந்தன, நிலைமை மாறியது. ஆனாலும் இந்த நோய் தூசை விட்டு விலகிய பிறகும் வருஷக்கணக்கில் உள்ளே வளரக்கூடியது. அப்படி ஒரு நுரையீரலோடு இருப்பவர் நூறு அடி ஏற்றத்தில் நடக்கிறார். மூச்சு வாங்குகிறது. பெங்களூர் லால்பாக்கில் நடக்கிற ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் மூச்சு வாங்கும். ‘நல்லா வேர்த்தது, உடம்புக்கு நல்லது’ என்று அவர் எடுத்துக்கொள்வார். இவர் அதையே சாவின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார், ஏனென்றால் அப்பாவும் சித்தப்பாவும் அப்படி மூச்சு வாங்கித்தான் போனார்கள். மறுநாள் அவர் ஐம்பது அடியோடு திரும்புவார். அடுத்த மாதம் வாசலோடு. தசை சுருங்கச் சுருங்க, அதே தூரத்துக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். பயம் நிஜமாகிவிடும்.

இந்தச் சுழலை உடைக்க வழி தெரியாமல் மருத்துவம் கைகட்டி நிற்கவில்லை. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று உலகம் முழுக்க நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் நின்று, இந்த மூச்சிரைப்பு ஆபத்தில்லாதது, இந்த அளவில் நின்று இப்படி ஊதி மூச்சு விடுங்கள், இப்போது இன்னும் பத்தடி என்று சொல்லிச் சொல்லி நடக்க வைப்பார். நுரையீரலில் விழுந்த வடுவை அந்தப் பயிற்சி அழித்துவிடாது. மனத்திலிருக்கும் பயத்தைக் குறைக்கும், காலின் பலத்தைக் கூட்டும். அதுவே ஒரு மனிதனைக் கடைத்தெரு வரைக்கும் கொண்டுபோய்விடும். இதைச் செய்யத் தகுந்த ஓர் இடம் தங்கவயலில் இருந்தது. கம்பெனி காலத்தில் பேர்பெற்ற மருத்துவமனை, சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சைப் படித்துப் பழகிய மருத்துவமனை. சுரங்கத்தோடு சேர்த்து அதையும் மூடிவிட்டார்கள். தங்கம் தீர்ந்தது என்று சுரங்கத்தை மூடினீர்கள் சரி, நோய் தீர்ந்தது என்றா மருத்துவமனையை மூடினீர்கள்? பாரத் கோல்டு மைன்ஸுக்குச் சொந்தக்காரரான ஒன்றிய அரசு இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. இது குற்றம். நிர்வாகத் தாமதம் என்று அதற்கு வேறு பெயர் வைக்க நமக்கு மனமில்லை.

இரண்டாவது பயம் விழுந்துவிடுவோமோ என்பது. அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி 1990-ல் இதை அளக்கவே ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இதைப் பற்றிய ஆய்வுகள் காட்டிய முக்கியமான உண்மை, ஒரு தடவைகூட விழாதவருக்கும் இந்தப் பயம் வரும் என்பது. வந்தால் அவர் நடமாட்டத்தைக் குறைப்பார். குறைத்தால் கால் பலம் போகும். போனால் விழத்தான் செய்வார். இந்தப் பயத்தை மனநோய் போலப் பேசுகிறவர்கள் ஒரு லைனுக்குள் வந்து பார்க்கட்டும். ஒட்டி ஒட்டி நிற்கும் ஓரறை வீடுகள். வாசலை ஒட்டி ஓடும் திறந்த சாக்கடை, அதன் மேல் மிதித்தால் ஆடும் ஒரு கற்பலகை. பலருக்குக் கக்கூஸ் வீட்டுக்குள் இல்லை, நடந்துதான் போக வேண்டும், ராத்திரியிலும். அந்தக் கற்பலகையில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்று, சுவரைப் பிடித்த கையை எப்போது எடுப்பது என்று யோசிக்கும் எழுபது வயதுப் பாட்டியின் பயத்தில் அறிவீனம் எங்கே இருக்கிறது? தன்னம்பிக்கைச் சொற்பொழிவு அந்தப் பலகையை ஆடாமல் நிறுத்தாது. நாலு சட்டி சிமெண்டு நிறுத்தும். கர்நாடக அரசும் நகரசபையும் கேட்கட்டும். மனத்துணிவு என்று நீங்கள் பேசுவதில் பாதி, தெருவிளக்கும் சாக்கடை மூடியும்.

ஃபௌஜா சிங்கின் கதையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாப் விவசாயி. மனைவி போனார், பிறகு கண்ணெதிரே மகன் போனார். துக்கம் தாளாமல் லண்டனில் இருந்த இன்னொரு மகன் வீட்டுக்குப் போனவர், எண்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கினார். 2000-ல் லண்டன் மாரத்தானில் ஓடினார். 2011-ல் டொரண்டோவில், நூறு வயதில், முழு மாரத்தானை ஓடி முடித்தார். உடற்பயிற்சிப் புத்தகம் படித்து அவர் ஓடவில்லை, துக்கத்திலிருந்து ஓடினார். கூட ஓட ஒரு பயிற்சியாளரும் கைதட்ட ஒரு சமூகமும் கிடைத்தார்கள். நாடு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த மனிதர் 2025 ஜூலையில், 114 வயதில், ஜலந்தர் அருகே சொந்தக் கிராமத்துச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது வேகமாக வந்த கார் மோதி இறந்தார். மோதியவர் நிற்காமல் போய்விட்டார். முதியவர்களை நடக்கச் சொல்கிற நாட்டில், நடந்த மிகப் பெரிய முதியவருக்குக் கிடைத்த சாலை இதுதான்.

வீட்டுக்குள் வருவோம். அரசைச் சாடுவது எளிது. இனிச் சொல்வது சொந்தக்காரர்களுக்குக் கசக்கும். ரயிலேறும் அவசரத்திலும் மகன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான்: “நைனா, நீ எங்கியும் போவாத. வுழுந்து கிழுந்து வச்சா ஆஸ்பத்திரிக்கு யாரு அலையறது? சும்மா குந்திகினு இரு.” இதில் பாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறவனின் பயமும் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் தான் மதிக்கிற மகன் வாயிலிருந்து ‘உன்னால் முடியாது’ என்று கேட்கிறவருக்கு என்ன ஆகும்? பாண்டூரா சொன்ன நல்ல சொல்லின் நேர் எதிர்ச் சொல் இது, தினமும் ஒரு வேளை மருந்து போல உள்ளே போகிறது.

இந்த மருந்து என்ன செய்யும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஐம்பது வயது தாண்டிய 660 பேரைப் பல்லாண்டு காலம் பின்தொடர்ந்த தரவு அது. முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள், அப்படி எண்ணாதவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஏழரை என்றதும் நம்மவர்களுக்குச் சனி ஞாபகம் வரும். இது அதற்கு நேர் எதிரான ஏழரை. வயதானால் முடங்கத்தான் வேண்டும் என்று ஒரு வீடும் ஒரு தெருவும் சேர்ந்து ஒருவரை நம்பவைத்தால், அவர் முடங்குவார். உலகில் இரண்டில் ஒருவர் முதியவர்களைத் தாழ்வாகவே எண்ணுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அறிக்கை கொடுத்தது. அந்த ஒருவர் எங்கேயோ இல்லை, பெரும்பாலும் நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார். பாசத்தின் பேரில் பெற்றவரை முடக்கிப்போடுவதும் ஒரு தீங்குதான். அரசின் குற்றத்தோடு அதைச் சமமாக நிறுத்தமாட்டோம். ஆனால் மன்னித்துக் கண்ணை மூடிக்கொள்ளவும் மாட்டோம்.

பெண்கள் பக்கம் கதை வேறு மாதிரி. மரியந்தாலில் பெண்கள் நிற்காமல் நடந்தது போலவே, இங்கும் பாட்டிமார்கள் நின்றதில்லை. அவர்களுக்கு ரிட்டையர்மென்ட் கொடுக்க யாரும் இல்லை. தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடம், ரேஷனுக்கு வரிசை, மகனும் மருமகளும் ரயிலேறிவிட்டால் பேரப்பிள்ளைக்குச் சோறு. 2007-ல் அலியா கிரம், எலன் லாங்கர் என்ற இரு உளவியலாளர்கள் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். நீங்கள் தினமும் செய்யும் வேலையே மருத்துவர் சொல்லும் உடற்பயிற்சி என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் விளக்கிச் சொன்னார்கள். நாலு வாரத்தில் அவர்களுடைய எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்திருந்தன. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. சிறிய ஆய்வு, அதன் மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை அது சரியாகத் தொடுகிறது. நம் பாட்டிமார்கள் செய்வதை யாரும் உடலுழைப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை, அவர்களும் எடுப்பதில்லை. ‘வீட்லதான் இருக்கேன்’ என்பார்கள். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எழுபது வயதில் குடம் தூக்குவதை ‘ஆரோக்கியம்’ என்று பாராட்டிவிட்டு வீட்டுக்குக் குழாய் போடாமல் தப்பித்துக்கொள்ளும் நகரசபைக்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது. தானாகத் தேர்ந்து செய்வது ஒன்று, வேறு வழியின்றிச் செய்வது வேறொன்று. தேர்வு தன் கையில் இருக்கும்போதுதான் மனம் அதில் ஒட்டி நிற்கிறது.

பத்தாயிரம் அடி என்று போனில் எண்ணிக்கொண்டிருக்கிற நகரவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண் எந்த மருத்துவரின் ஆய்விலிருந்தும் பிறக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடி எண்ணும் கருவியை விற்கத் தேர்ந்தெடுத்த எண் அது. அதைக் கொண்டுவந்து தங்கவயல் பெரியவரின் முன்னால் வைத்து அவரைத் தோற்கடிக்க வேண்டாம். அவருக்கு வேண்டியது எண்ணல்ல, நடக்க ஒரு காரணம். தங்கவயலில் அந்தக் காலத்து அதிகாரிகளுக்குக் கிளப் இருந்தது, கோல்ஃப் மைதானம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை நடப்பதற்கென்று புல்லை வளர்த்துக் கொடுத்தார்கள், குழிக்குள் பந்து போட ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். காரணமில்லாமல் மனிதன் நடக்கமாட்டான் என்ற உளவியல் துரைக்கு அப்போதே தெரிந்திருந்தது. தொழிலாளிக்குத் தட்டி வீடு கட்டிக் கொடுத்தபோது மட்டும் அது மறந்துபோயிற்று.

தொழிலாளி தன் காரணங்களைத் தானே உண்டாக்கிக்கொண்டான் என்பதுதான் இந்த ஊரின் பெருமை. 1907-லேயே மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தியது இந்த ஊர். ஷிப்டு முடித்த உடம்போடு போய் உட்கார்ந்து வாசித்தார்கள், வாதிட்டார்கள். குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் பேர்போன லைன்கள் இவை. தன்னைப் போன்றவன் செய்வதைப் பார்த்து ‘நானும் செய்வேன்’ என்று எழுகிற ஊக்கம் இந்த ஊர் மண்ணிலேயே இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்கு மூதாட்டிகள் கும்பல் கும்பலாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூலிக்காகப் போனார்கள், உண்மை. மரத்தடியில் பத்துப் பேரோடு வெற்றிலை மென்று ஊர்க்கதை பேசவும் போனார்கள். வராத ஆளை மறுநாள் ‘ஏன் வரல?’ என்று கேட்க ஒருத்தி இருந்தாள். அந்த ஒரு கேள்வி எந்த உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா அட்டையைவிடவும் வலுவானது. நகரசபை எல்லைக்குள் இருப்பதால் தங்கவயல் லைன்களுக்கு அந்த வேலையும் கிடையாது.

‘சோத்துக்கே திண்டாட்டம், பென்ஷன் போதவில்லை, வீட்டுக்குப் பத்திரம் இல்லை. இதில் மனசு, நடை என்று எழுதுவது பணக்கார வீட்டுக் கவலை’ என்று தொழிற்சங்கத் தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பிராவிடண்ட் ஃபண்ட் பென்ஷனின் குறைந்தபட்சம் 2014-லிருந்து மாதம் ஆயிரம் ரூபாயாகவே நிற்கும் நாட்டில், முதலில் வயிறு, பிறகுதான் வாக்கிங். ஆனாலும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதை நாம் ஏற்கவில்லை. சொந்த வீடென்ற பத்திரம் கையிலிருப்பவர்தான் வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி நட யோசிப்பார். நாளை காலி செய்யச் சொல்வார்களோ என்று இருப்பவர் எதை நட்டு வைப்பார்? உரிமை உறுதிப்பட்டால்தான் மனமும் ஊன்றி நிற்கும். சங்கங்களிடம் நமக்கும் ஒரு குறை உண்டு. நிலுவைத் தொகைக்குக் கூடுகிற கூட்டம், நிலுவைத் தொகை இல்லாத நாளில் ஏன் கூடுவதில்லை? சங்கக் கட்டடத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பத்திரிகையும் ஒரு டீயும் இருந்தால், அங்கே போய்ச் சேர நாலு லைன்களிலிருந்து கால்கள் கிளம்பும். அதை யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் நாளைக்கே தொடங்கலாம்.

பயிற்சி மட்டும் போதாது, வேலையும் கொடுங்கள் என்பதும் நம் கோரிக்கை. ஜப்பானில் 1970களிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு இலகுவான, பகுதிநேரமான, ஊருக்குப் பயன்படும் வேலைகளைத் தேடித் தரும் மையங்கள் நடக்கின்றன. பூங்காவைக் கவனிப்பது, பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது போன்ற வேலைகள். தங்கவயலில் செய்ய வேலையா இல்லை? 1965-ல் இந்தச் சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தார்கள். உலகிலேயே அப்படி முதன்முதலாகப் பதிவான இரண்டு இடங்களில் ஒன்று இது. இந்த ஊரின் பெயரில் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்க வரும் இளைஞர்கள், சினிமா செட்டைத் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களைச் சுரங்க ஷாஃப்டு அருகே கூட்டிக்கொண்டு போய், கேஜ் இறங்கும்போது காது எப்படி அடைக்கும், ராக் பர்ஸ்ட் என்ற பாறை வெடிப்பு வந்தால் மேலே வீட்டுப் பாத்திரம் எப்படி உருளும் என்று சொல்ல இங்கே ஆள் இருக்கிறது. அந்த ஆளுக்கு ஒரு அடையாள அட்டையும் ஒரு நாள் கூலியும் கொடுத்தால், அவர் எத்தனை அடி நடந்தார் என்று யாரும் எண்ணத் தேவையிருக்காது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி இனிச் செல்லாது. சுரங்கத்திலிருந்து அரைத்துத் தள்ளிய சயனைடு மண்மேடுகள் 13, ஏறத்தாழ 3.3 கோடி டன் மண். காற்றுக் காலத்தில் அந்தத் தூசுதான் லைன்களுக்குள் வந்து படிகிறது. நடக்கச் சொல்லும் மருத்துவர், எந்தக் காற்றில் நடக்கச் சொல்கிறோம் என்று அந்த மேட்டைத் திரும்பிப் பார்க்கட்டும். அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரில் வேலை நடத்த, ஒன்றிய அரசு கேட்டதற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. மண்ணுக்குள் ஒரு டன்னுக்கு எத்தனை பொட்டுத் தங்கம் என்று கணக்குப் போடத் தெரிந்த அரசுகள், அதை வெட்டிப் போட்ட கைகளுக்கு என்ன பாக்கி என்று கணக்குப் போடவில்லை. மேட்டைக் கிளறினால் தூசு இன்னும் கூடும் என்பதும் நிச்சயம்.

ஆகவே அந்த மண்ணை அள்ளப்போகும் ஒப்பந்தம் எதுவானாலும், அதில் கையெழுத்தாகும் முன் சில வரிகள் சேர வேண்டும். தூசு பறக்காமல் வேலை நடக்கும் என்ற உறுதியும், அதை அளந்து வாராவாரம் லைன்களில் ஒட்டும் ஏற்பாடும் முதலில் வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கில் பழைய மருத்துவமனையின் ஒரு கூடத்தையாவது திறந்து, முன்னாள் தொழிலாளர் ஒவ்வொருவரின் நுரையீரலையும் சோதித்து, மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் மூடிய சாக்கடை, விளக்கு, கைப்பிடி வைத்த கக்கூஸ், உட்கார நிழலில் ஒரு பெஞ்சு வேண்டும். குடியிருப்பவருக்கே வீட்டுப் பத்திரம் என்பதும் அந்த வரிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இவை இல்லாத ஒப்பந்தத்தில் கர்நாடக அரசு கையெழுத்திடக் கூடாது. இட்டால், கோலாரின் நாடாளுமன்ற உறுப்பினரும் தங்கவயலின் சட்டமன்ற உறுப்பினரும் ஸ்கெலட்டன் லைனுக்கு நடந்து வந்து, ஏன் இட்டார்கள் என்று வாசற்படியில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.